அழியும் புகழும் அழிக்கப்படும் புகழும்

விளையாட்டு வீரனின் புகழ் நிலைப்பதில்லை என்று பொதுவாகக் கூறுவர். கவிஞனுக்குப் பின் காவியம் எஞ்சுகிறது. சிற்பிக்குப் பின் சிலை எஞ்சுகிறது. ஓடியவனுக்கும் பந்து வீசியவனுக்கும் பின் எஞ்சுவது பார்த்தவர் நினைவு ஒன்றே. பார்த்தவர் மறைந்ததும் அதுவும் மறைகிறது என்பது இக்கூற்றின் சாரம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஒருவன் நாட்டிய சாதனையை இன்னொருவன் முறியடிப்பான்; புதிய தலைமுறை தனக்குரிய வீரரைத் தேடிக்கொள்ளும். வென்றவர் அனைவரையும் எக்காலத்திலும் நினைவில் வைத்திருக்க எந்தச் சமுதாயத்தாலும் இயலாது.

எனினும், எல்லாப் பொறுப்பையும் காலத்தின் தலையில் சுமத்திவிடும் இவ்விளக்கம் எமக்கு நிறைவளிப்பதாயில்லை. ஒரே காலத்தில் ஒரே விளையாட்டில் ஈடுபட்ட இருவருள் ஒருவர் பெயர் இன்றும் நாள்தோறும் உச்சரிக்கப்படுகிறது. மற்றவர் பெயர் அரை நூற்றாண்டுக்கு ஏறத்தாழ முற்றாக மறக்கப்பட்டுக் கிடந்தது. காலம் இருவருக்கும் பொதுவானது. அப்படியாயின் வேறுபாடு எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், காலம் மாத்திரம் ஒரு பெயரை அழிக்கவல்லதன்று என்பதற்கு ஒரு சான்று. பழைய கிரேக்கத்தில் ரோட்ஸ் தீவினனான லியோனிடாஸ் என்னும் ஓட்ட வீரன் கி. மு. 164 முதல் கி. மு. 152 வரை நான்கு ஒலிம்பிக் விழாக்களில் அடுத்தடுத்து மூன்று மூன்று ஓட்டங்களில் வென்று 12 முடிகளைச் சூடினான். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தனிநபர் போட்டிகளில் தமது 13ஆவது தங்கப் பதக்கத்தைப் பெற்றபோது, அவர் முறியடித்தது இந்த லியோனிடாஸின் சாதனையையே. 2167 ஆண்டுகளின் பின் உலகச் செய்தித்தாள்களில் அப்பெயர் மீண்டும் அச்சேறியது. வென்றோர் பட்டியலை எழுதி, படியெடுத்து, பேணி வைத்த ஒரு மரபு இருந்தமையால் இது நிகழ்ந்தது. அப்பட்டியலின் தலைப்பில், கி. மு. 776க்கு உரியவனாக நிற்கும் கொரோய்பஸ் ஒரு சமையற்காரன் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. பட்டியலில் இடம் கிடைத்தால் சமையற்காரனின் பெயரும் வாழும்.

ஆனால் பட்டியலில் யாருக்கு இடம் கிடைத்தது என்பதையும் நாம் நோக்கவேண்டும். அதே ஒலிம்பியாவில் தேரோட்டப் போட்டியும் நடைபெற்றது. அதில் முடி சூட்டப்பட்டவன் தேரை ஓட்டியவன் அல்லன், குதிரைகளுக்கு உடைமையாளன். பெண்கள் போட்டியிட இயலாத அவ்விழாவில் ஸ்பார்ட்டா அரசகுமாரி கினிஸ்கா கி. மு. 396லும் கி. மு. 392லும் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டது இதனாலேயே. அவர் களத்தில் இறங்கவில்லை. அவர் குதிரைகள் இறங்கின. 1896ஆம் ஆண்டு டெல்பியில் மண்ணுக்கடியிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்ட வெண்கலத் தேரோட்டியின் சிலை உலகப் புகழ் பெற்றது. அச்சிலையைக் காணிக்கையாக்கியவன் ஜேலா நகரத்து ஆட்சியாளன் பொலிசாலஸ் என்பதை அதன் பீடத்து எழுத்துக்கள் கூறுகின்றன. கடிவாளத்தைப் பற்றி நிற்கும் அந்த இளைஞன் யாரென்பது எவருக்கும் தெரியாது. வெற்றி உழைத்தவனுடையது, பெயர் உடைமையாளனுடையது.

இது பழங்காலத்துக் கதையென்று தள்ளிவிடத்தக்கதன்று. நமக்கு மிக அண்மையிலே, பம்பாயிலும் பூனாவிலும், இதே நியதி வேறு உருவத்தில் செயற்பட்டதைக் காணலாம். பல்வங்கர் பாலூ என்னும் துடுப்பாட்ட வீரரின் வரலாறே நாம் இங்கு விரிவாக நோக்க விரும்புவது.

பாலூ 1870களில் தார்வாரில் பிறந்தவர்; தோல் வேலையோடு பிணைக்கப்பட்டுத் தீண்டத்தகாததென ஒதுக்கப்பட்ட சமார் சாதியினர். பூனாவில் பார்சிகளின் துடுப்பாட்டக் கழகமொன்றில் மைதானத்தைக் கூட்டுவதும் ஆடுகளத்தை உருளையால் சமப்படுத்துவதுமே அவரது முதல் தொழில். பின்னர் ஐரோப்பியரின் பூனாக் கழகத்தில் மாதம் 4 ரூபா ஊதியத்தில் அதே வேலை. ஆடுகளத்தைச் செப்பனிட்டு, வலை கட்டி, ஓய்வு வேளையில் வெள்ளை அதிகாரிகளுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசினார். இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் கலை அங்குதான் அவருக்குக் கைவந்தது. சிறந்த துடுப்பாட்டக்காரராக விளங்கிய கிரெய்க் என்னும் இராணுவ அதிகாரி, தம்மை ஒவ்வொரு முறை ஆட்டமிழக்கச் செய்யும்போதும் பாலூவுக்கு எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. அங்கே பாலூவின் கைக்குத் துடுப்பு வரவில்லை. துடுப்பெடுத்தாடுவது கனவான்களின் உரிமை. பந்து வீசுவது வேலைக்காரனின் கடமை. தொழிற் பிரிவினை விளையாட்டு மைதானத்துக்குள்ளும் வேலி போட்டிருந்தது.

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியரை வெல்ல விரும்பினர். அதற்குப் பாலூவின் கை தேவைப்பட்டது. ஆனால் கைக்குரியவனின் சாதி தடையாய் நின்றது. விவாதத்தின் பின் அவர் அணியில் சேர்க்கப்பட்டார். களத்திலே உயர்சாதியினர் தொட்ட பந்தை அவர் தொட்டார். அவர் தொட்ட பந்தை அவர்களும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் நிலைமை வேறு. மற்றவர்கள் பவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, பாலூவுக்கு வெளியே மண் கலயத்தில் கொடுக்கப்பட்டது. உணவும் தனியே. தேநீர்க் கடையின் வெளிப்புறத்தில் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் பெற்று நின்ற எமது யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை அறிந்த வாசகருக்கு, அந்த மண் கலயத்தைப் பற்றி நாம் விளக்கவேண்டியதில்லை. உழைப்பின் பயன் வேண்டும், உழைப்பவனின் தீண்டல் வேண்டாம் என்பதே இரண்டிடத்தும் உள்ள நியாயம்.

சமூகச் சீர்திருத்தவாதியான மகாதேவ கோவிந்த ரானடே இதனைக் கண்டித்தார். ஒருவரோடு சேர்ந்து விளையாடலாமெனில் சேர்ந்து உண்பதிலும் தடையிருக்க முடியாதென்பது அவர் வாதம். இத்தகைய குரல்களும் பாலூ வீழ்த்திய விக்கெட்டுகளும் ஒன்று சேர்ந்தே அவ்வழக்கத்தைத் தளர்த்தின என்பது மனங்கொள்ளத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோய் பரவியபோது பாலூவின் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. அங்கே இந்து ஜிம்கானாவுக்காக அவர் ஆடினார். 1906ஆம் ஆண்டு இந்துக்களுக்கும் ஐரோப்பியருக்கும் பம்பாயில் நடந்த ஆட்டத்தில் இந்துக்கள் 242 ஓட்டங்களும் 160 ஓட்டங்களும் பெற்றனர். ஐரோப்பியர் 191க்கும் 102க்கும் சுருண்டனர். 109 ஓட்டங்களால் வெற்றி. பாலூ எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவரது தம்பி சிவராமும் அதே அணியில் ஆடினார். ஆளும் இனத்தை அதன் சொந்த விளையாட்டிலேயே தோற்கடித்த நாளாக மக்கள் அதனைக் கொண்டாடினர். சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த காலம் அது.

1911ஆம் ஆண்டு முதன்முறையாக அகில இந்திய அணியொன்று இங்கிலாந்து சென்றது. அணித் தலைவர் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அவ்வாண்டு இலண்டனில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. மகாராஜா மிகச் சில ஆட்டங்களிலேயே களமிறங்கினார்; மற்றைய நாட்களில் விருந்துகளும் வரவேற்புகளும் அவரை ஆட்கொண்டன. அணி 6 ஆட்டங்களில் வென்று 15இல் தோற்றது. இத்தோல்விகளுக்கு மத்தியிலே பாலூ ஓயாது வீசினார். அச்சுற்றுப் பயணத்தில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114, சராசரி 18.84 ஓட்டங்கள். லெஸ்டர்ஷயர் அணிக்கெதிரான ஒரே ஆட்டத்தில் மாத்திரம் 11 விக்கெட்டுகள். முதற்தர ஆட்டங்கள் அனைத்தையும் சேர்த்தால், 33 ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள், சராசரி 15.21. எக்காலத்து அளவுகோலால் அளந்தாலும் இவை முதல் வரிசைக்குரிய எண்கள்.

ஆயினும் அணித் தலைமை அவருக்கு மறுக்கப்பட்டது. பம்பாய் நாற்கோணப் போட்டியில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என மதத்தாலும் இனத்தாலும் பிரிந்து அணிகள் மோதின. இந்து அணியின் மூத்த வீரர் பாலூ. தலைவராகத் தெரிவானவர்களோ உயர்சாதியினர். 1913இல் தலைவரான பை என்பவர், அப்பதவி பாலூவுக்கே உரியதென வெளிப்படையாகக் கூறினார். கூறியும் பதவி மாறவில்லை. 1920இல் பாலூ அணியிலிருந்தே ஒதுக்கப்பட்டு, தம்பி விட்டலுக்குரிய தலைமையும் மறுக்கப்பட்டபோது, விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகி, சாதியே இதற்குக் காரணமெனப் பகிரங்கமாக அறிவித்தனர். இது ஆட்டக்காரரின் வேலைநிறுத்தமன்றி வேறென்ன? அதன் பின் நடந்த ஆட்டத்துக்குப் பாலூ உபதலைவராக்கப்பட்டார். 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். தமையனுக்கு எட்டாத பதவி தம்பிக்குக் கிட்டியது. நல்மனத்தால் மட்டும் வந்ததன்று அது, போராட்டத்தால் பெறப்பட்டது.

இத்தகைய ஒருவர் எவ்வாறு மறக்கப்பட்டார்? 1955ஆம் ஆண்டு ஜூலையில் பாலூ பம்பாயில் காலமானார். அதன் பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் பெயர் பொதுப் பேச்சில் இல்லை. காலம் அழித்துவிட்டது என்று கூறி நாம் அமைதியடைய முடியாது. இம்மறதிக்குக் குறிப்பிட்ட காரணங்கள் உண்டு.

முதலாவது காரணம் கணக்கேடு. இந்தியா தனது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1932இல். அப்போது பாலூ ஐம்பது வயதைக் கடந்தவர். டெஸ்ட் ஆட்டமே வீரனின் தகுதிக்கு அளவுகோலெனக் கொள்ளப்பட்ட பிறகு, அதற்கு முன் ஆடியவர்கள் வரலாற்றின் வாசற்படிக்கு வெளியே நின்றனர். அடிமை நாடு டெஸ்ட் ஆடுவதும் ஆடாததும் ஆட்டக்காரனின் கையில் இருக்கவில்லை.

இரண்டாவது காரணம் பெயர் சூட்டும் அதிகாரம். நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட மற்றவர் ரஞ்சித்சிங்ஜி. பாலூவின் சமகாலத்தவர், ஈடிணையற்ற துடுப்பாட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் 15 டெஸ்ட் ஆட்டங்களிலும் ஆடியது இங்கிலாந்துக்காக; 1907இல் நவாநகரின் அரியணையேறிய மன்னரும் அவரே. 1933இல் அவர் காலமானார். 1934இல் இந்தியாவின் தேசியப் போட்டி தொடங்கியபோது அதற்கு ரஞ்சிக் கிண்ணம் எனப் பெயர் வந்தது. கிண்ணத்தை அளித்தவர் பட்டியாலா மகாராஜா, 1911இல் பாலூவுக்குத் தலைவராயிருந்த அதே பூபிந்தர் சிங். ஓர் அரசர் இன்னோர் அரசரின் பெயரைக் கிண்ணத்தில் பொறித்தார். ஆண்டுதோறும் அக்கிண்ணத்துக்காக ஆடும் இளைஞர் ரஞ்சியின் ஓர் ஓட்டத்தையும் கண்டதில்லை. பெயரை மறக்க மாத்திரம் அவர்களால் முடியாது. 114 விக்கெட்டுகள் வீழ்த்தியவனிடம் கிண்ணம் வழங்கப் பணமில்லை. அவன் பிறந்த மக்களிடமும் இல்லை.

மூன்றாவது காரணம் அப்போட்டியின் முடிவு. மதவாரியாக அணி பிரிக்கும் பம்பாய்ப் போட்டியைக் காந்தியடிகள் 1940இல் கண்டித்தார்; 1946இல் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது நியாயமே. ஆனால் பிரிவினையின் குருதியைக் கண்ட நாடு அப்போட்டியை நினைக்கவே கூசியபோது, அதன் பெயரோடு அதில் ஆடியோர் வரலாறும் புதைந்து போயிற்று.

நான்காவது காரணம் கசப்பானது. அதனை மறைப்பது முற்போக்காளருக்கு அழகன்று. அம்பேத்கர் இளமையில் பாலூவைப் போற்றியவர். ஒடுக்கப்பட்ட மக்களின் முதல் பொது வீரன் பாலூவே. எனினும் அரசியலில் இருவர் வழியும் பிரிந்தது. 1932இல் பூனா ஒப்பந்தத்தில் பாலூவும் கையொப்பமிட்டார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலூ. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலூவுக்கு 11,225 வாக்குகள். சாதி இந்துக்களின் நல்லெண்ணத்தில் நம்பிக்கை வைத்த மூத்தவரும், அந்நல்லெண்ணத்தை நம்பிப் பயனில்லையெனக் கண்ட இளையவரும் எதிரெதிரே நின்ற துயரம் அது. அம்பேத்கரை எதிர்த்தமையால் ஒடுக்கப்பட்டோர் இயக்கம் பாலூவைத் தன் கொடியில் எழுதவில்லை. அவரைத் தேர்தலுக்குப் பயன்படுத்திய தேசிய இயக்கமும் வேலை முடிந்ததும் அவரை நினைக்கவில்லை. இரு வீட்டிலும் விளக்கேற்றப்படாத நினைவு இருளில் மூழ்கியதில் வியப்பென்ன?

எனினும் அவ்விருள் நிரந்தரமாகவில்லை. விட்டல் மராத்தி மொழியில் எழுதிவைத்த தம் விளையாட்டு வாழ்க்கை வரலாறும், பழைய செய்தித்தாள்களின் ஆட்டக் குறிப்புகளும் நூலகங்களில் எஞ்சியிருந்தன. அவற்றைத் தேடிப் படித்த வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா, 2002இல் வெளியான இந்தியத் துடுப்பாட்டத்தின் சமூக வரலாறு பற்றிய தமது நூலில் பாலூவுக்கும் அவர் தம்பியருக்கும் உரிய இடத்தை அளித்தார். அதன் பின்னரே பாலூவின் பெயர் மீண்டும் பேசப்படலாயிற்று. லியோனிடாஸைக் காத்த பட்டியல் போலவே இங்கும் பெயரைக் காத்தது எழுத்து. ஒரு தம்பி எழுதிவைத்த எழுத்து.

இவ்விடத்தில் இன்னோர் ஆபத்தையும் நாம் சுட்டிக்காட்டவேண்டும். மறதியைப் போலவே இனிப்பான நினைவும் பொய் சொல்லும். துடுப்பாட்டம் சாதியை வென்றது. திறமையிருந்தால் தீண்டாமை தானே விலகும். பாலூவே அதற்குச் சான்று என்று கூறிப் பெருமூச்சு விடுவோர் இன்று உளர். 1906இன் வெற்றியை மாத்திரம் எடுத்துக்கொண்டு, பவிலியனுக்கு வெளியே நின்ற மண் கலயத்தையும், மறுக்கப்பட்ட தலைமையையும், 1920இன் விலகலையும் விட்டுவிடுவோமானால், நாம் நினைவு கூர்வது பாலூவை அல்ல. எமது மனச்சாட்சிக்கு இதமான ஒரு பொம்மையை. அவர் திறமை கதவைத் தட்டியது உண்மை. கதவின் ஒரு பாதி திறந்ததும், மறு பாதி மூடியே இருந்ததும் உண்மை.

ஆகவே, வீரரின் புகழ் காலப்போக்கில் மங்குமா என்ற வினாவை நாம் சற்றே மாற்றிக் கேட்கவேண்டியவர்களாயிருக்கிறோம். தானாய் மங்கும் புகழ் உண்டு, அதற்காக வருந்தவேண்டியதில்லை. வழிவிடுவது இயற்கை. ஆனால் கணக்கேட்டில் இடமில்லாததால், கிண்ணத்துக்குப் பணமில்லாததால், எந்தக் கட்சிக்கும் பயன்படாததால் மங்கவைக்கப்படும் புகழும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது, அநியாயத்தைக் காலத்தின் கணக்கில் எழுதிவிடுவதாகும்.

எமது எழுத்தாளர் நெடுங்காலமாக விளையாட்டை இலக்கியத்துக்குப் புறம்பானதாக, பொழுதுபோக்காகவே கருதி வந்துள்ளனர். மன்னரும் முதலாளிகளும் அவ்வாறு கருதவில்லை என்பதற்குக் கிண்ணங்களே சாட்சி. உழைக்கும் மக்களிடையே தோன்றிய ஓட்டக்காரனையும் பந்து வீச்சாளனையும் பற்றிய குறிப்புகள் குடும்பப் பெட்டிகளிலும் முதியோர் நாவிலும் மாத்திரமே தங்கியிருக்கின்றன. பெட்டியைக் கறையான் அரிக்குமுன், நா அடங்குமுன், அவற்றை எழுதிவைப்பதும் எமது பணியே. விட்டல் தம் தமையனுக்காக அதைச் செய்தார். அவர் செய்யாதிருந்தால், பாலூவைப் பற்றி இவ்வளவேனும் எழுத எம்மால் இயன்றிராது.